கடற்கரை ஊரில் லார்ட் கெல்வின் படம்: தேர்வு முதல் சுவரில் மாட்டுவது வரை

இயற்பியல் ஆய்வகத்தில் மாட்ட விஞ்ஞானி லார்ட் கெல்வின் படம் தேடினால் முதலில் வரும் சிக்கல் ஆள் மாறாட்டம். அவருடைய இயற்பெயர் வில்லியம் தாம்சன். வெறுமனே 'தாம்சன்' என்று தேடினால் எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன்தான் முன்னால் வந்து நிற்பார். மூக்குக்கண்ணாடியும் மீசையும் இருந்து தாடி இல்லையென்றால் அது ஜே.ஜே. முதிய வயதுக் கெல்வினுக்கு வெள்ளைத் தாடி முகத்தை நிறைத்திருக்கும்.

சர் ஹூபர்ட் வான் ஹெர்கோமர், ஆர்ச்சர்ட்சன் போன்றோர் தீட்டிய ஓவியங்கள் உண்டு. அவருடைய அக்கா எலிசபெத் கிங்கூட வரைந்திருக்கிறார். ஆய்வகத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஓவியத்தை அல்ல, கிளாஸ்கோவின் அன்னான் ஸ்டூடியோ எடுத்த புகைப்படத்தை. கப்பல் திசைகாட்டிப் பீடத்தின் மேல் சாய்ந்தபடி, கையில் திசைக்கோணம் பார்க்கும் கண்ணாடிக் கருவியோடு இருக்கிறார். கப்பலின் இரும்பால் காந்த ஊசி பிசகுவதைச் சரிசெய்யும் திசைகாட்டியை வடிவமைத்தவர் அவர். முகம் மட்டும் போதும் என்று வெட்டினால் பாதி மனிதர் போய்விடுவார். கையும் கருவியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

படைப்பாளி இறந்து 60 ஆண்டு கடந்தால் இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிடும். ஆனாலும் கோப்பை எந்தத் தளத்தில் எடுக்கிறீர்களோ அதன் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

படத்தின் உயரம் 14 அங்குலம் வேண்டுமென்றால் கோப்பு 4200 பிக்சல் உயரம் இருப்பது நல்லது. 2800 வரை ஒப்பேற்றலாம். 2000-க்குக் கீழே போனால் படத்தைச் சிறிதாக்குங்கள். 'தெளிவாக்கித் தரும்' செயலிகளில் போடாதீர்கள். அவை இல்லாத தாடி முடியை முளைக்க வைக்கும், கருவியின் அளவுக்கோடுகளைக் கிறுக்கலாக்கும். அகலத்தை இழுத்து நீட்டவும் கூடாது.

அச்சுக்கடையில் 12×18 தாளில், 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்) எடையுள்ள, பளபளப்பில்லாத மேட் காகிதத்தில், ஓரம் வெள்ளையாக விட்டு அடிக்கச் சொல்லுங்கள். நான்கு நிற மையில் கறுப்பு வெள்ளைப் படம் அடித்தால் பச்சையோ ஊதாவோ ஏறிவிடும். முதலில் சிறு துண்டு அடித்து, டியூப்லைட்டில் இல்லாமல் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் லேமினேஷன் செய்து எம்டிஎஃப் என்னும் மரத்தூள் அழுத்திய பலகையில் ஒட்டித் தருவதாகச் சொல்வார். விலை குறைவுதான். ஆனால் கடற்காற்றில் அந்தப் பலகை ஓரத்தில் ஈரம் குடித்து வீங்கும், பிறகு மேலே உள்ள தாளும் கிளம்பும்.

ஃபிரேம் போடுவதில்தான் இந்த ஊர்களில் அதிகம் கெட்டுப்போகிறது. சாமி படத்துக்குப் போடுவதுபோல கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்தி வைத்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 2 மி.மீ. தடிமனுள்ள அமிலமில்லாத மவுண்ட் போர்டு, அதாவது படம் தெரிய ஜன்னல் வெட்டிய அட்டை, வேண்டும். 16×20 ஃபிரேமுக்கு மேலே 2⅞ அங்குலம், கீழே 3⅜ அங்குலம் விட்டு ஜன்னல் வெட்டுங்கள். பக்கவாட்டில் இரண்டு புறமும் சமமாக விடுங்கள். ஜன்னல் படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. சிறிதாக இருந்தால் ஓரம் பிடித்துக்கொள்ளும்.

படத்தை மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், அமிலமில்லாத கம் டேப்பால் பின்பலகை அட்டையோடு தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் விரியும் தாளுக்குப் போக இடமின்றி அலை அலையாக எழும்பும். செல்லோடேப் வெயிலில் பசை கக்கி மஞ்சளாகும். மைதாப் பசை பூச்சியை அழைக்கும். பின்னால் ஹார்ட்போர்டுக்குப் பதில் 3 மி.மீ. சன்பேக் என்னும் பிளாஸ்டிக் ஷீட் வையுங்கள், ஈரம் குடிக்காது. மழை நாளில் ஃபிரேமை மூடாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் பிறகு கண்ணாடியில் பனிக்கும். எல்லாப் பாகத்தையும் ஒரு நாள் ஏசி அறையில் வைத்துவிட்டு மூடுவது நல்லது.

இந்த அளவில் 3 மி.மீ. கண்ணாடி மட்டும் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. ஒற்றை ஆணியில் தொங்கவிட வேண்டாம். இரண்டு கொக்கி, திருகைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் ராவல் பிளக் இரண்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு. சாதாரண இரும்பு இங்கே துருப்பிடித்துச் சுவரில் வழியும். கீழ் மூலைகளில் 5 மி.மீ. ரப்பர் குமிழ் ஒட்டினால் பின்னால் காற்று போகும். மழை அடிக்கும் வெளிச்சுவர், கழிவறையை ஒட்டிய சுவர், நேர் வெயில் விழும் இடம் மூன்றும் ஆகாது.

பெயர் அட்டையில் 'வில்லியம் தாம்சன், லார்ட் கெல்வின், 1824–1907' என்று போடுங்கள். 'இங்கிலாந்து விஞ்ஞானி' என்று எழுதிவிடுவார்கள். பிறந்தது அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், பேராசிரியராக இருந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். அட்லாண்டிக் கடலடித் தந்திக்காக 1866-இல் சர் பட்டம் பெற்றார். 1892-இல்தான் கெல்வின் பிரபு ஆனார், அதற்கு முந்தைய படங்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அவர் பெயரிலுள்ள அலகில் வெப்பநிலையை எழுதும்போது கெல்வினுக்கு முன்னால் டிகிரி போடக் கூடாது: 0 கெல்வின் என்பது −273.15 டிகிரி செல்சியஸ். முகத்துவாரத்தில் ஓதம் பார்த்துப் படகு எடுக்கும் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் இன்னொரு வரி சேருங்கள்: கடல் ஏற்றவற்றத்தை முன்கூட்டியே கணித்துத் தரும் இயந்திரத்தை 1870-களில் உருவாக்கியவர் இவர்.

ஆண்டுக்கொரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில், படத்தை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். டேப் விட்டிருந்தாலோ வெள்ளிப்பூச்சி தெரிந்தாலோ அப்போதே பிரித்துச் சரிசெய்யுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளிக்க வேண்டும், கண்ணாடியில் அல்ல. வழிந்து கீழ் விளிம்பில் இறங்கினால் மவுண்ட் போர்டு அங்கிருந்தே கறைபடத் தொடங்கும்.