பழைய சப்மரைனர் 5513 வாங்கும் முன்

வாட்ச் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து பழைய டைவ் வாட்சுகளைப் பார்ப்பதுதான் என் தொழில். அதில் என் மனசு நிற்பது ரோலக்ஸ் சப்மரைனர் 5513-இல். 1962-இல் வந்து 1980களின் கடைசிவரை ஓடிய மாடல். தேதி கிடையாது, தேதியைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழும் கிடையாது. கடலுக்கடியில் மணி பார்க்கத் தேவையானது மட்டும்தான் டயலில் இருக்கும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் டயலைப் பாருங்கள். விலையில் பெரும்பங்கு அதற்குத்தான். கண்ணில் லென்ஸ் வைத்து ஆறு மணிக் குறிக்குக் கீழே போனால், விளிம்பை ஒட்டி 'ஸ்விஸ் – டி<25' என்று பொடி எழுத்து தெரியும். டி என்றால் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள், இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசியது. பன்னிரண்டு வருடத்துக்குச் சற்று மேலானால் அதன் வீரியம் பாதியாகும். அதனால் இன்று இருட்டில் அனேகமாக ஒளிராது. டார்ச் அடித்துவிட்டு விளக்கை அணையுங்கள். புள்ளிகள் பச்சையாகப் பளீரென்று நீண்ட நேரம் எரிந்தால், பிற்காலத்தில் பூசியது அல்லது டயலையே மாற்றியது. பழைய புள்ளி பாலாடை நிறத்திலோ, நெய் முறுகிய நிறத்திலோ இருக்கும். முள்ளின் நிறமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். டயல் புள்ளி மஞ்சளாகவும் முள்ளின் பூச்சு வெள்ளையாகவும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஆழம் எழுதிய வரியையும் படியுங்கள். 200 மீட்டர் முதலிலும் 660 அடி பின்னாலும் இருந்தால் 1960களின் டயல். அடி முதலில் வந்தால் அதற்குப் பிந்தையது. 1980களின் நடுவில் டயல் பளபளப்பாகி, புள்ளிகளைச் சுற்றி உலோக வளையம் வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய மங்கல் கறுப்பு.

அப்புறம் செயினைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். பன்னிரண்டு மணிப் பக்கம் செயினுக்கு அடியில் மாடல் எண், ஆறு மணிப் பக்கம் சீரியல் எண். சீரியலின் காலமும் டயலின் காலமும் பொருந்த வேண்டும். அப்படியே செயின் மாட்டும் நான்கு முனைகளையும் மேலிருந்து பாருங்கள். நான்கும் ஒரே தடிமனில் இருக்கிறதா, ஓரத்தில் சீவிய சாய்வு தெரிகிறதா? பாலிஷ் சக்கரத்தில் போன உலோகம் திரும்பி வராது. கீறலோடு தடித்த கேஸ் (வாட்சின் வெளிக்கூடு), வழுவழுவென்று மெலிந்த கேஸ் இரண்டும் வந்தால் கீறல் உள்ளதையே வாங்குங்கள்.

டயலைச் சுற்றியுள்ள வளையமான பெசல் இரண்டு பக்கமும் சுற்றும், அது கோளாறு இல்லை. அதன் அலுமினியத் தகடு வெயிலில் வெளுத்துச் சாம்பலாகியிருந்தால் விரும்பி வாங்குபவர்களே உண்டு. கிளாஸ் பிளாஸ்டிக்தான், கீறல் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

வாங்கியபின் சர்வீஸ். இங்கேதான் என் வயிறு எரிகிறது. கப்பல் இன்ஜினியராக இருந்த ஒருவர் 1974-இல் வாங்கிய 5513-ஐ அவர் மகன் ஓரிடத்தில் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார். புது டயல், புது முள், கண்ணாடிபோல் மின்னும் கேஸோடு திரும்பி வந்தது. பழைய டயலைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்களாம். அப்பா இருட்டில் இன்ஜின் அறையில் மணி பார்த்த அந்தப் புள்ளிகள் போயே போய்விட்டன.

அதனால் எங்கே கொடுத்தாலும் ரசீதில் எழுதி வாங்குங்கள்: பாலிஷ் வேண்டாம், டயல், முள், பெசல் தகடு மாற்றக் கூடாது, கழற்றிய சாமான் எல்லாம் திருப்பித் தர வேண்டும். மெஷினைக் கழுவி எண்ணெய் போட்டு, ரப்பர் வாஷர்களை மட்டும் புதிதாகப் போடட்டும். தண்ணீர் அழுத்தச் சோதனையில் தேறினாலும், நான் அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கமாட்டேன்.