அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறங்கள்

பிறந்தநாள், திருமண நாள், பதவி உயர்வு, தேர்வில் வெற்றி என்று குடும்பத்தில் எது வந்தாலும் எனக்குத்தான் தொலைபேசி வரும். "என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். விருந்தாளிகள் வந்த பிறகு நீ எங்கே இருக்கப்போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். சமையலறையில்தான் என்று பதில் வந்தால், போட்ட பட்டியலைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்வேன். முதல் அழைப்புமணி அடிக்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டால் பாதிப் பலகாரங்கள் தாமாகவே விலகிவிடும். மீதி இருப்பவற்றில்தான் நம் கைவரிசை.

பானத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் சாப்பாட்டை முதலில் யோசித்துவிட்டு, கடைசி நாளில் நாலு பாட்டில் குளிர்பானம் வாங்கி வைப்பார்கள். வந்தவர் கைக்கு முதலில் போவது கோப்பைதானே? அதில் இருப்பது நன்றாக இருந்துவிட்டால் சாப்பாடு அரை மணி நேரம் தாமதமானாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கணக்கு எளிது. முதல் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு 2 கோப்பை, அதன் பிறகு மணிக்கு 1 கோப்பை. 20 பேர், 3 மணி நேரம் என்றால் 80 கோப்பை. பனிக்கட்டி போக ஒரு கோப்பையில் 150 மில்லி பிடிக்கும் என்று வைத்தால் 12 லிட்டர். கேட்க அதிகமாகத் தோன்றும். செய்து பார்த்தால் சரியாகவே இருக்கும். வெறும் தண்ணீர் இதில் சேராது. அதைத் தனியாக, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பனிக்கட்டி ஆளுக்கு அரை கிலோ. குளிரூட்டவும் கோப்பையில் போடவும் சேர்த்து அவ்வளவு வேண்டும்.

குளிர்ந்த நீரில் சர்க்கரை எளிதில் கரையாது. அடியில் தங்கிய சர்க்கரையைக் கரண்டியால் கிளறிக்கொண்டு நிற்பது விருந்துக்கு அழகல்ல. ஆகவே சில நாள் முன்னதாகவே பாகு காய்ச்சிவிடுங்கள். சம அளவு சர்க்கரை, சம அளவு தண்ணீர், சர்க்கரை கரையும்வரை மட்டும் சூடு. கம்பிப் பதம் எதுவும் வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கியதும் தட்டிய இஞ்சியையோ, பட்டைத் துண்டையோ, ஒரு கைப்பிடி புதினாவையோ போட்டு மூடி வைத்து, ஆறியதும் வடிகட்டினால் ஒரே பாகு மூன்று பாகாகிவிடும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.

எலுமிச்சையைப் பிழிந்த பிறகு தோலைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. வாசனை எண்ணெய் முழுவதும் தோலில்தான் இருக்கிறது. பிழிவதற்கு முன்பே மஞ்சள் அல்லது பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி (அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்), சர்க்கரையில் பிசறி, மூடி சில மணி நேரம் விட்டுவிடுங்கள். சர்க்கரை எண்ணெயை இழுத்துக்கொண்டு ஈரமாகும். அந்தச் சர்க்கரையில் பாகு காய்ச்சிப் பாருங்கள். கடையில் வாங்கும் எந்த எசென்ஸும் அதன் பக்கத்தில் நிற்காது.

இனி அடிப்படை அளவு: எலுமிச்சைச் சாறு 1 பங்கு, பாகு 1 பங்கு, தண்ணீர் அல்லது சோடா 4 பங்கு. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் கசப்பு அடங்கி இனிப்பு முன்னுக்கு வரும். இந்த அளவை மனத்தில் ஏற்றிக்கொண்டால் பிறகு பெயர்களும் செய்முறைகளும் தேவையில்லை. தண்ணீருக்குப் பதில் தேநீர் ஊற்றினால் ஒரு பானம். பாதித் தண்ணீருக்குப் பதில் மாதுளைச் சாறு ஊற்றினால் இன்னொன்று. இஞ்சிப் பாகும் சோடாவும் சேர்ந்தால் மூன்றாவது. ஒரே மேசையில் மூன்று நிறம், வேலை ஒன்றுதான். தேநீரைக் கொதிக்கவைத்துச் சட்டென்று குளிரவைத்தால் கலங்கிப்போகும். லிட்டருக்கு 10 கிராம் இலையைக் குளிர்ந்த நீரிலேயே போட்டு இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் வடிகட்டுங்கள். தெளிவாகவும் இருக்கும், கசப்பும் குறைவு.

பாலில் செய்யும் பானம் வேண்டுமென்றால் அதைத் தனி ஜாடியில், எலுமிச்சையிலிருந்து தள்ளி வையுங்கள். திரிந்த பாலைப் பார்த்த விருந்தாளி அன்று முழுவதும் வேறு எதையும் தொட மாட்டார்.

பனிக்கட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை என்று தொடங்கினால் என்னால் நிறுத்த முடிவதில்லை. சிறு கட்டிகள் விரைவில் உருகிப் பானத்தைத் தண்ணீராக்கும். மேற்பரப்பு அதிகம் என்பதுதான் காரணம். பெரிய ஜாடிக்கு ஒரே பெரிய கட்டி போதும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சை வட்டங்களும் புதினா இலைகளும் மிதக்கவிட்டு முந்தின நாளே உறையவைத்தால் அலங்காரத்துக்கு அலங்காரமும் ஆயிற்று. அதைவிட நல்லது, ஜாடியில் இருக்கும் அதே பானத்தையே கட்டியாக உறையவைப்பது. எவ்வளவு உருகினாலும் சுவை நீர்க்காது.

பாட்டில்களைக் குளிரவைக்க மறந்துவிட்டீர்களா? பதற வேண்டாம். ஒரு வாளியில் பனிக்கட்டி, அதே அளவு தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. பாட்டில்களைக் கழுத்துவரை அமிழ்த்தினால் 20 நிமிடத்தில் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். வெறும் பனிக்கட்டியில் செருகினால் இடையில் காற்று நிற்கும், குளிர் சரியாகப் போய்ச் சேராது. தண்ணீர் பாட்டிலை முழுவதும் தழுவுகிறது. உப்பு அந்தத் தண்ணீரைச் சுழியம் டிகிரிக்கும் கீழே இறக்குகிறது. சோடாவை எப்போதும் நன்றாகக் குளிர்ந்த பிறகே திறங்கள். குளிர்ந்த நீரில்தான் வாயு கரைந்து நிற்கும். வெதுவெதுப்பான சோடா திறந்ததும் பொங்கிவிட்டுச் சப்பென்று ஆகிவிடும். ஜாடியில் மொத்தமாகக் கலக்கவும் வேண்டாம். கோப்பையில் சாறும் பாகும் ஊற்றி, பரிமாறும்போது மேலே சோடா.

குளிர்காலக் கொண்டாட்டம் என்றால் சூடான பானம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆப்பிள் சாற்றில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டு 15 நிமிடம் மெல்லிய சூட்டில் வைத்து வடிகட்டி வெப்பக் குடுவையில் ஊற்றிவிடுங்கள். வடிகட்டாமல் விட்டால் கிராம்பு வேலையைக் காட்டிவிடும். கடைசிக் கோப்பை மருந்துபோல் இருக்கும்.

மது பரிமாறும் வீடுகளுக்கு என் ஒரே வேண்டுகோள்: பொது ஜாடியில் கலக்காதீர்கள். மது தனி மேசையில், பெயர் எழுதி இருக்கட்டும். குடிக்காதவருக்கும், குழந்தைக்கும், வண்டி ஓட்டிப் போகிறவருக்கும் மேலே சொன்ன பானங்கள் அதே அழகான கோப்பையில் போகட்டும். மது வேண்டாம் என்றவரிடம் தண்ணீர் டம்ளரை நீட்டுவது எனக்குப் பிடிக்காத உபசாரம்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு கையில் கோப்பை இருக்கும்போது மறு கையால், நின்றபடியே, இரண்டு கடியில் முடிக்க முடியுமா? முடியாதென்றால் அது நிற்கும் விருந்துக்கு ஆகாது. பிறகு உணவு உண்டு என்றால் ஆளுக்கு 5 துண்டு. இதுவே உணவு என்றால் 10 முதல் 12. காரமும் உப்பும் இரண்டு பங்கு, இனிப்பு ஒரு பங்கு. வகைகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஐந்து வகையை நிறையச் செய்வது, பத்து வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதைவிட மேல்.

பொரிப்பதை நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. எண்ணெய்ச் சட்டி ஒருவரைச் சிறைப்பிடித்துவிடும். அதற்குப் பதிலாக ஓவன் அடுப்பு இருக்கிறது. ரொட்டியை மெல்லிய துண்டுகளாக்கிக் காலையிலேயே மொறுமொறுப்பாக உலர்த்திக் காற்றுப் புகாத டப்பாவில் போடலாம். மேலே வைக்கும் தக்காளியோ காளானோ ரொட்டியை ஊறவைக்கும் என்று பயந்தால், முதலில் வெண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். கொழுப்பு ஈரத்தைத் தடுக்கும். அப்படியும் கடைசி அரை மணியில்தான் மேலே வைக்க வேண்டும். வறுத்த முந்திரி, பாதாம் போன்ற பருப்புகளில் மசாலா ஒட்டவில்லை என்பவர்கள் வறுக்கும் முன் சிறிது பாகு பிசறட்டும், பானத்துக்குக் காய்ச்சிய அதே பாகு. கேரட்டும் வெள்ளரியும் நறுக்கிப் பனித்தண்ணீரில் அரை மணி கிடந்தால் புதிதாய்ப் பறித்ததுபோல் நறுக்கென்று இருக்கும். நீர் வடித்த கெட்டித் தயிரில் பூண்டும் மிளகும் கலந்து அதற்குத் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். ஆப்பிளை நறுக்கினால் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஒரு முக்கு, நிறம் மாறாது.

இனிப்பில் பழ ஜெல்லிதான் எனக்குப் பிடித்தது, முந்தின நாளே முடிந்துவிடும் என்பதால். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வேகவைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி இவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. ஜெல்லியை உறையவைக்கும் ஜெலட்டின் ஒரு புரதம் என்பதால் இரவு முழுவதும் வைத்தாலும் கெட்டியாகாது. பழத்தைக் கொதிக்கவைத்துவிட்டுச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும். அல்லது அகர் அகர் என்னும் கடற்பாசியில் செய்யுங்கள். அது புரதமல்ல, இந்தத் தொல்லை இல்லை, சைவ உணவுக்காரர்களும் சாப்பிடலாம், வெளியே வைத்தாலும் உருகாது.

கேக்கைப் பொறுத்தவரை, வெண்ணெய் கேக் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், ஆகவே முன்னதாகச் செய்துவிடலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்து வெட்டாதீர்கள். வெண்ணெய் இறுகிக் கட்டையாக இருக்கும். ஒரு மணி நேரம் வெளியே வைக்கலாம். கிரீம் அடிக்க வேண்டுமென்றால் அதில் கொழுப்பு 30 சதவீதமாவது இருக்க வேண்டும், பாத்திரமும் கிரீமும் சில்லென்று இருக்க வேண்டும். சாக்லேட் உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திப்பித்திப்பியாகிவிடும். கறுப்புச் சாக்லேட்டை 45 டிகிரி செல்சியஸ்வரை உருக்கி, 28க்கு ஆறவிட்டு, மறுபடி 31க்குக் கொண்டுவந்து தட்டில் பரப்பினால் பளபளப்பாக உறைந்து, உடைக்கும்போது சடக்கென்று ஓசை வரும். உறையும் முன் பருப்பும் உலர்திராட்சையும் தூவினால் போதும்.

அலங்காரத்தை இளையவர்களிடம் விட்டுவிடுங்கள்.

உணவு கெடாமல் பார்ப்பதில் மட்டும் நான் கண்டிப்பு. சூடானது 60 டிகிரிக்கு மேலே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மேசையில் 2 மணி நேரம் இருந்ததை எடுத்துவிட வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரம்தான். பெரிய தட்டில் மொத்தமாகக் கொட்டாமல் சிறு தட்டுகளாக மாற்றி மாற்றி வைத்தால் இந்தக் கணக்கு எளிதாகிவிடும், மேசையும் கலைந்துபோகாது.

அழைக்கும்போதே ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். பருப்பு, பால், முட்டை, கோதுமை இருக்கும் தட்டுகளில் சிறு அட்டையில் எழுதி வையுங்கள், தட்டுக்குத் தனிக் கரண்டி போடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது. சிறு குழந்தைகள் வருகிறார்கள் என்றால் திராட்சையை நீளவாக்கில் வெட்டி வையுங்கள். முழுப் பருப்பு அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

வேலைகளைப் பின்னிருந்து அடுக்குங்கள். மூன்று நாள் முன்னால் பாகும் சாக்லேட்டும். முந்தின நாள் கேக், ஜெல்லி, பனிக்கட்டி, தேநீர். அன்று காலை ரொட்டியும் காய்கறியும், சாறு பிழிவதும். எலுமிச்சைச் சாறு வைக்க வைக்கச் சுவை மங்கும் என்பதால் அதை மட்டும் முந்தின நாள் பிழியாதீர்கள். வருவதற்கு ஒரு மணி முன்னால் பாட்டில்கள் வாளிக்குள். அரை மணி முன்னால் ரொட்டியின்மேல் வைப்பதை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடலாம்.

எல்லோரும் போன பிறகு, 2 மணி நேரத்துக்குள் எடுத்த மிச்சங்களை அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்; ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருக்கும். கை படாத எலுமிச்சைக் கலவை மிஞ்சினால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடலாம். அடுத்த வாரம் யாராவது திடீரென்று வந்து நின்றால் இரண்டு கட்டியும் சோடாவும் போதும்.