கோல் போடத் தெரிந்த பயிற்சியாளர்கள் செய்யும் தவறுகள்

"நிறைய கோல் போடுகிறோம், அதைவிட நிறைய வாங்குகிறோம். எந்த பின்கள வீரரை மாற்றலாம் சார்?" என்று சென்ற வாரம் ஓர் இளம் கால்பந்துப் பயிற்சியாளர் கேட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். உடற்தகுதி, ஒழுக்கம் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோல் விழுந்ததும் பின்களத்தைத் திட்டுவது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, என் மீதுதான். ஒரு பருவம் முழுவதும் நடுப் பின்களத்தில் மூன்று ஜோடிகளை மாற்றிப் பார்த்தேன். ஒரு பையனை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன். கோல் விழுவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஓர் ஆட்டத்தின் பதிவை, கோலுக்குப் பன்னிரண்டு நொடிகள் முன்னாலிருந்து ஓடவிட்டேன். பந்து எங்கள் காலில். எதிரணியின் பெனால்டி பகுதி ஓரத்தில். இரண்டு ஃபுல்பேக்குகளும், அதாவது பின்களத்தின் இரு ஓரத்து வீரர்களும், கோட்டோரமாக மேலே ஏறிவிட்டார்கள். பின்னால் நிற்க வேண்டிய நடுக்கள வீரனும் கோல் ஆசையில் உள்ளே நுழைந்துவிட்டான். ஓரத்திலிருந்து உள்ளே அடித்த கிராஸ் ஒரு தலையில் பட்டு வெளியே வருகிறது. அங்கே எங்கள் ஆள் ஒருவருமில்லை. ஒரே ஒரு நீளமான பாஸ். எங்கள் பின்கள வீரர்கள் இருவரும் பாதி மைதானத்தைக் காக்கத் திரும்பி ஓடுகிறார்கள். அதில் ஒருவன்தான் நான் கடிந்துகொண்ட பையன்.

பந்து பறிபோனால் யார் எங்கே நிற்பது என்பது, பந்து நம்மிடம் இருக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். ஒரு ஃபுல்பேக் ஏறினால் மற்றவன் உள்ளே ஒதுங்கி நிற்கட்டும். எதிரணி முன்னால் இருவரை விட்டிருந்தால் நாம் மூவரை விட வேண்டும். பறிபோன நொடியில் பக்கத்திலிருப்பவன் பந்தை நெருக்க வேண்டும். எதிராளி நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்தால் கதை முடிந்தது.

பெரிய இடத்திலும் இதன் விலை அதிகம். 2013-14 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பயிற்சியாளர் பிரெண்டன் ரோட்ஜர்ஸின் லிவர்பூல் 101 கோல் போட்டு 50 வாங்கியது. கோப்பையை வென்ற மான்செஸ்டர் சிட்டி 102 போட்டு 37 வாங்கியது. புள்ளிகளில் வித்தியாசம் வெறும் 2.

முன்னிலையிலும் அதே வேகம்

அதே லிவர்பூல், 2014 மே 5 அன்று கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக 3-0 என்று முன்னிலையில் இருந்தது. புள்ளிகள் சமமானால் கணக்கில் வரும் கோல் வித்தியாசத்தை ஏற்ற மேலும் கோல் தேடிப் போனார்கள். கடைசிப் பதினொரு நிமிடங்களில் மூன்று கோல் வாங்கி 3-3.

1982 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராகப் பிரேசிலுக்கு அடுத்த சுற்றுக்குப் போகச் சமன் செய்தாலே போதும். 68ஆவது நிமிடத்தில் பிரேசிலின் ஃபால்காவோ 2-2 ஆக்கினார். 74ஆவது நிமிடத்தில் இத்தாலியின் பாவ்லோ ரோஸி தன் மூன்றாவது கோலைப் போட்டார். பயிற்சியாளர் தெலே சந்தானாவின் அழகான பிரேசில் அணி வீட்டுக்குப் போனது.

பந்து வைத்திருப்பவனுக்கு நெருக்கடி கொடுக்காமல் பின்கள வரிசையை மேலே ஏற்றுவது

வேண்டாம்.

கேட்ட கதையை அப்படியே நம்புவது

1995-96 பிரீமியர் லீக்கில் பயிற்சியாளர் கெவின் கீகனின் நியூகாசில் தற்காப்பு ஓட்டையால் பட்டத்தை இழந்தது என்பார்கள். அவர்கள் வாங்கியது 37 கோல். பட்டம் வென்ற மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது 35. போட்டதில்தான் வித்தியாசம்: 66க்கு 73. உங்கள் அணியின் கணக்கையும் முதலில் எழுதிப் பாருங்கள். யாரை மாற்றுவது என்பதைப் பிறகு பேசலாம்.