மாசு காணாமல் போனால் போதுமா?

கடலூரில் உப்பனாற்றை ஒட்டிய உப்புக்கிணற்றுத் தண்ணீரை ஒரு பீக்கரில் எடுத்து, போரான் கலந்த வைர நேர்மின்வாயை இறக்கி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் பிளீச்சிங் பவுடர் வாடை வரும். ஸ்டார்ச்-அயோடைடு தாளை நனைத்தால் கருநீலமாகும். பிஃபாஸ் என்ற மாசை உடைக்கப் போன மின்சாரம் உப்பைப் பிடித்துக்கொண்டது.

நான்ஸ்டிக் பூச்சு, தீயணைப்பு நுரை வழியாக நீரில் சேரும், ஃபுளோரின் நிறைந்த பிஃபாஸ் ரசாயனங்களை ஆராயும் நம் பகுதி மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். காய்ச்சி வடித்த நீரில் சோடியம் சல்பேட் கலந்து, பிஃபாஸ்களில் ஒன்றான பிஎஃப்ஓஏ சிதைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். கடலோரக் கிணற்றில் கதையே வேறு. குளோரைடு குளோரினாகி, குளோரேட்டாகி, பெர்குளோரேட் வரை போகும். அது தைராய்டு சுரப்பிக்கு அயோடின் சேரவிடாமல் தடுப்பது. ஒரு நஞ்சை எடுத்து இன்னொன்றை வைத்த தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க முடியுமா? உள்ளூர்த் தண்ணீரில் சோதியுங்கள், பெர்குளோரேட்டையும் அளந்து எழுதுங்கள்.

பிஎஃப்ஓஏ குறைந்ததாலேயே அது அழிந்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். அதன் கார்பன் சங்கிலி குட்டையாகி வேறு பிஃபாஸாக நீரில் நிற்கலாம், பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கலாம். ஃபுளோரின் கணக்குப் போட்டால் உண்மை வெளிவரும். பிஎஃப்ஓஏ எடையில் 69 விழுக்காடு ஃபுளோரின்தான். 1 மில்லிகிராம் முழுதாக உடைந்தால் சுமார் 0.69 மில்லிகிராம் ஃபுளோரைடு வர வேண்டும். ஃபுளோரைடு மின்வாயில் அளக்கும்போது அதற்குரிய பஃபர் கரைசலை மறக்காதீர்கள். இரும்பும் அலுமினியமும் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும்.

மாதிரி எடுக்கும்போது டெஃப்லான் மூடி, டெஃப்லான் டேப் இரண்டும் கூடாது. அமெரிக்கா 2024இல் குடிநீரில் பிஎஃப்ஓஏவுக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அந்த அளவில் மூடியிலிருந்து கசிவதே கிணற்றின் கணக்கில் ஏறிவிடும். பாலிப்ரொப்பிலீன் பாட்டில் நல்லது. வழியில் ஏதும் கலந்ததா என்று தெரிய, சுத்தநீர் நிரப்பிய பாட்டில் ஒன்றும் கூடவே போய்வர வேண்டும்.

பிஃபாஸைக் கண்டறியும் சென்சாரில் எனக்குப் பெரிய கவலை உண்டு. பிஎஃப்ஓஎஸ் என்ற இன்னொரு பிஃபாஸ் தானாக எளிதில் மின்சமிக்ஞை தராது. அதன் மூலக்கூறு வடிவிலேயே அச்சுக்குழிகள் கொண்ட பாலிமரை மின்வாயில் பூசி, எளிதில் மின்சமிக்ஞை தரும் ஃபெரோசீன் என்ற சேர்மத்தின் சமிக்ஞை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறோம். மக்கிய இலைச்சாறு குழியை அடைத்தாலும் சமிக்ஞை அதே மாதிரிதான் குறையும். அதனால் அச்சில்லாத பாலிமர் பூசிய மின்வாய் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். அதே கிணற்று நீரில் தெரிந்த அளவு பிஎஃப்ஓஎஸ் சேர்த்து, சேர்த்த அளவைச் சென்சார் திரும்பக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே முடிவை எழுதுங்கள்.