திண்ணைப் புலம்பலை மனுவாக்குவது எப்படி? சத்துணவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பல்லடத்திலோ பெருந்துறையிலோ ஏதேனும் ஒரு பேக்கரியின் முன்னால் கால்மணி நேரம் நின்றால், அரசாங்கத்தைப் பற்றிய குறைகள் அனைத்தும் காதில் விழுந்துவிடும். ரேஷன் அரிசி சரியில்லை, டவுன் பஸ் நேரத்துக்கு வருவதில்லை, காட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, "இனாமாக் குடுத்துக் குடுத்தே சனத்தைக் கெடுத்துப் போட்டாங்க", பள்ளிக்கூடத்தில் போடுகிற சோற்றை மனுசன் தின்பானா என்று பேச்சு நீளும். இவற்றில் சில உண்மையானவை, சில பாதி உண்மையானவை, சில வேறெதையோ மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லப்படுபவை. உண்மையான குறையை மட்டும் பிரித்தெடுத்து, அதைத் தீர்க்கக் கடமைப்பட்ட அலுவலரிடம் முறையாகக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதைப் பள்ளி உணவை எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன்.

பள்ளி உணவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலரின் பிள்ளைகள் வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள். அந்தச் சோற்றை உண்ணும் பிள்ளைகளின் பெற்றோரோ, நாம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் தறிக் குடோனிலோ பனியன் கம்பெனியிலோ நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு நாள் விடுப்புப் போட்டால் கூலி போய்விடும் என்ற நிலையில் உள்ளவரால் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்க முடியாது. ஆகவே நேரமும் எழுத்தும் கைவசம் உள்ளவர்கள்தாம் அந்தக் குறையை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கருத்து வேறு, குறை வேறு

முதலில், சொல்ல வந்தது கருத்தா குறையா என்று பாருங்கள். "இலவசமே கூடாது" என்பது கருத்து. அதை மேடையில் பேசலாம், வாக்குச் சீட்டில் காட்டலாம். ஆனால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் அதற்கு மனுக் கொடுக்க முடியாது. "நேற்று முட்டை போடவில்லை" என்பது குறை. அதற்கு ஒரு நாள் உண்டு, ஓர் இடம் உண்டு, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அலுவலர் உண்டு.

இருந்தாலும் அந்தக் கருத்தைச் சொல்பவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். பள்ளியில் போடும் மதிய உணவு இன்று யாரும் மனமிரங்கித் தருகிற இனாம் அன்று. சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் சட்ட உரிமையாக்கியது. தமிழ்நாட்டில் இதன் வேர் இன்னும் பழையது. 1920-இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதும், 1956-இல் காமராசர் விரிவாக்கியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியதும், 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டதும் ஒரே தொடர்ச்சிதான்.

இரண்டாவது செய்தி நம் தோட்டத்திலேயே இருக்கிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டு விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவைச் சாலைகளை அடைத்தன. அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் 1990-இல் எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. விசைத்தறிக்கும் குறிப்பிட்ட அளவு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதை உரிமை என்றும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தட்டில் விழும் முட்டையை இனாம் என்றும் ஒரே வாயால் சொல்வது நியாயமாகாது.

"காலையில் பெற்ற பிள்ளைக்கு ஒரு தோசை ஊற்ற முடியாதா?" என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாய், கம்பெனி வேன் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் நிற்க வேண்டியவர். இரவு வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கியிருக்கும். வீட்டில் மிக்ஸியும் கிரைண்டரும் செல்போனும் இருப்பதைக் காட்டி "இவர்களுக்கு என்ன குறை" என்று கேட்பவர்கள், அந்த வீட்டில் இல்லாமற்போனது நேரம் என்பதைக் கவனிப்பதில்லை. வாழ்க்கைத் தரம் உயர்ந்ததும் உண்மை, அந்த உயர்வுக்காகக் காலை நேரத்தை விற்க வேண்டியிருப்பதும் உண்மை.

வேறெதையோ மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லப்படும் மூன்றாவது வகைப் புலம்பலை அடையாளம் காணத் தயங்க வேண்டாம். 2018-இல் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பி, காவல்துறை வழக்கு வரை போனதை இந்தப் பகுதியில் பலரும் அறிவார்கள். இப்படிப்பட்ட எதிர்ப்பு "சுத்தமில்லை", "ருசியில்லை" என்ற சொற்களுக்குள் ஒளிந்துகொண்டும் வரும். சமையலர் மாறியவுடன் திடீரென்று சோறு பிடிக்காமற்போனால், உணவைப் பார்ப்பதற்கு முன் குறை சொல்பவரைப் பாருங்கள். அதற்கு மனு எழுதித் தராதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.

எழுதும் முன் நேரில் பாருங்கள்

பள்ளிக்குப் போவதற்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். பெற்றோராகவோ பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராகவோ இருந்தால் வேலை எளிது. மதிய உணவைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் கடமைகளுள் ஒன்று என்று 2015-ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகளே சொல்கின்றன. ஆசிரியர் ஒருவர் உட்படப் பெரியவர்கள் சுவைத்துப் பார்த்த பின்பே பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. ஆகவே ஒரு கவளம் உண்டு பார்க்கிறேன் என்று நீங்கள் கேட்பதில் தவறேதும் இல்லை.

போனவுடன் உணவுப் பட்டியலைப் பாருங்கள். மாதத்தின் முதல், மூன்றாம் வாரங்களுக்கு ஒரு பட்டியலும் இரண்டாம், நான்காம் வாரங்களுக்கு வேறொரு பட்டியலும் உண்டு. அன்றைக்குப் புளிசாதம் என்றிருக்கும்போது சாம்பார் இல்லையே என்று சண்டை பிடிக்கக் கூடாது. வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தர வேண்டும்.

அரிசியைப் பற்றி மிகுதியாக வருவது "பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது" என்ற புகார். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவுடன் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவத்தில் வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். நிறம் சற்று மாறியிருக்கும், களையும்போது சில மணிகள் மிதக்கும். மிதக்கிறதே என்று அதைப் பொறுக்கி எறிந்தால், இரத்தசோகை உள்ள பிள்ளைக்குப் போக வேண்டிய இரும்புச் சத்து சாக்கடையில் போகிறது. இதை மனுவாக எழுதினால் உங்கள் அடுத்த மனுவுக்கும் மதிப்பிருக்காது. வண்டு, புழு, பூசணம், மக்கிய வாடை ஆகியவையே அரிசியின் உண்மையான குறைகள். மூட்டை ஈரத் தரையில் கிடக்கிறதா, பலகை மேல் அடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

"பருப்புத் தண்ணியாட்டம் இருக்குது" என்பதைக் கணக்காக மாற்றலாம். மத்திய அரசின் அளவுகோலின்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 150, 30, 75, 7.5 கிராம். அன்று 50 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் உண்டால் ஒரு கிலோ பருப்பு என்பது இந்த அளவுகோல். தமிழ்நாட்டுப் பட்டியலில் உணவு வகைக்கேற்ப நாளுக்கு நாள் அளவு மாறும் என்பதால், அன்றைய உணவுக்கு எவ்வளவு என்று மையத்தை நடத்தும் சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டு, அன்றைக்கு உலையிலிட்டது எவ்வளவு என்று இருப்புப் பதிவேட்டில் பாருங்கள். உண்ட பிள்ளைகளின் எண்ணிக்கையை அங்கேயே எண்ணிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் 80 என்றும் பந்தியில் 55 என்றும் இருந்தால், அந்த ஒரு வரி பத்துப் பக்கப் புலம்பலைவிட வலிமையானது.

முட்டையை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. வேகவைக்கும் முன் ஒரு குண்டாவில் தண்ணீர் விட்டு முட்டையைப் போட்டால், நல்லது அடியில் படுத்துக்கொள்ளும், நாள்பட்டது நிமிர்ந்து நிற்கும், கெட்டது மேலே மிதக்கும். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் இங்கே வரும் முட்டை புதிதாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளியில் வந்திறங்கிய பிறகு வெயில்படும் மூலையில் அடுக்கி வைத்தாலும் கெடும்.

இதையெல்லாம் பார்க்கும்போது சமையலரிடம் குரலை உயர்த்தாதீர்கள். பல மையங்களில் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதால், ஓர் அமைப்பாளர் இரண்டு மையங்களைப் பார்ப்பதும், ஒரே பெண் அடுப்பையும் பாத்திரத்தையும் பந்தியையும் கவனிப்பதும் நடக்கிறது. காலதாமதத்துக்குக் காரணம் அதுவாக இருந்தால், உங்கள் மனு காலியிடத்தை நிரப்பக் கேட்பதாக இருக்க வேண்டும். பிள்ளைகளையும் சாட்சியாக்காதீர்கள். தட்டோடு பிள்ளையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், மறுநாள் வகுப்பில் தலைகுனிந்து உட்காரப் போவது அந்தப் பிள்ளைதான். தட்டை மட்டும் படமெடுங்கள்.

மனுவில் என்ன எழுதுவது

சின்னக் குறை என்றால் அமைப்பாளரிடமும் தலைமையாசிரியரிடமும் சொன்னாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். அடுத்தது ஊராட்சி ஒன்றிய அலுவலகம். அங்கே சத்துணவுக்கென்றே துணை வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் உண்டு. மாநகராட்சி, நகராட்சிப் பகுதி என்றால் ஆணையருக்கு எழுத வேண்டும். அதற்கும் மேலே, ஆட்சியர் அலுவலகத்தில் சத்துணவுக்கான நேர்முக உதவியாளர் இருக்கிறார்.

ஒரு மனுவில் ஒரு குறைதான் இருக்க வேண்டும். சத்துணவையும் சாக்கடையையும் தெருவிளக்கையும் சேர்த்து எழுதினால், அது எந்தத் துறைக்கும் உரியதாகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். "சாப்பாடு சரியில்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதுவதாலும் பயனில்லை. இப்படி எழுதலாம்:

"எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிச் சத்துணவு மையத்தில் இம்மாதம் 4, 5, 6 ஆகிய மூன்று நாட்களும் முட்டை வழங்கப்படவில்லை. பட்டியலின்படி மூன்று நாட்களுக்கும் முட்டை உண்டு. மையத்துக்கு முட்டை வந்துசேரவில்லை என்று அமைப்பாளர் தெரிவித்தார். முட்டை அனுப்பப்பட்டதா என்பதை விசாரித்து, இனித் தடையின்றிக் கிடைக்க ஆவன செய்யுமாறும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் யார் மீதும் பழி இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் தப்பிக்கவும் வழியில்லை. உணவே போடாத நாட்கள் இருந்தால் 2015-ஆம் ஆண்டு விதிகளைக் குறிப்பிடுங்கள். பள்ளி நாளில் உணவு வழங்காவிட்டால் பிள்ளைக்கு உணவுப் பாதுகாப்புப் படி, அதாவது உணவுக்கு ஈடான தானியமும் சமையல் செலவும், தர வேண்டும்; தொடர்ந்து மூன்று பள்ளி நாட்களோ மாதத்தில் ஐந்து நாட்களோ உணவு இல்லையென்றால், அதற்குப் பொறுப்பானவர் யார் என்று மாநில அரசு கண்டறிய வேண்டும்.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைப் பதிவு செய்து, எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். ஈரோடு மாவட்டத்தின் தாளவாடி, பர்கூர் மலைகளிலிருந்து வருவோருக்கு அந்தப் பயணமே ஒரு நாள் வேலை. அவர்கள் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதிந்து, புகாரின் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பதில் வராவிட்டால்

"நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு மனு முடிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. அப்போது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஏன் முட்டை போடவில்லை?" என்று கேட்டால், அது தகவல் அன்று என்று தள்ளிவிடுவார்கள். "இன்ன மாத முட்டை இருப்புப் பதிவேட்டின் நகல், அதே மாதத்தில் உணவு உண்ட மாணவர் எண்ணிக்கைப் பதிவேட்டின் நகல், என் மனு மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்" என்று ஆவணங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதிலும் பயனில்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கும் போகலாம்.

இதற்கிடையில் கிராம சபை வந்தால் விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் இருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள்; இந்த நாட்களில் பெரும்பாலானவை விடுமுறை என்பதால் அவர்களால் வர முடியும். முட்டையோ பருப்போ காலியிடமோ, அதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்; பாதி எழுதிய பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் போகவில்லை.