உறுதியான ஆர்டரை நிறுவனம் மறுத்தால் என்ன செய்வது?

பணம் செலுத்தி, ஆர்டர் உறுதியானதாகக் குறுஞ்செய்தியும் வந்த பிறகு, பொருந்தாத காரணம் சொல்லி நிறுவனம் அதை ரத்து செய்தால், பெரும்பாலோர் உடனே சமூக ஊடகத்தில் கோபத்தைக் கொட்டுகிறார்கள். சிலர் ஒரு தொடர்பும் இல்லாத டெலிவரி ஊழியருக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து ஆறுதல் அடைகிறார்கள். அதற்கெல்லாம் முன்பாக, ஆர்டர் எண், அன்றைய விலை, பணம் பிடிக்கப்பட்ட வங்கிச் செய்தி, ரத்து அறிவிப்பு ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மறுப்பின் காரணத்தை மின்னஞ்சலில் கேட்டுப் பெறுங்கள். வாடிக்கையாளர் சேவை மையத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படுவதைப் பின்னர் நிரூபிப்பது கடினம். நம் பகுதியில் முகவரியே சிக்கலாகலாம்: பாகூர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, ஆனால் அதன் அஞ்சல் குறியீடு கடலூரைப் போலவே 607 என்று தொடங்குகிறது. மாநிலமும் குறியீடும் ஒத்துப்போகவில்லை என்று மென்பொருள் ஆர்டரைத் தள்ளிவிட்டால், மின்கட்டண ரசீதை இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். அந்தப் பிழை உங்களுடையது அல்ல.

பதில் வராவிட்டால், இணையதளத்தில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்திற்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: அதே பொருள் அதே விலைக்கா, அல்லது வேறிடத்தில் கூடுதல் விலைக்கு வாங்கியதன் வித்தியாசமா? பின்னதைக் கேட்பதானால் வாங்கிய பில் கையில் இருக்க வேண்டும். பணம் திரும்பி வந்துவிட்டதாலேயே விவகாரம் முடிந்துவிட்டது என்று நிறுவனம் சொன்னால், அதை ஏற்கவில்லை என்று அப்போதே எழுதிவிடுவது நல்லது.

எல்லா மறுப்பும் தவறானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அறுபதாயிரம் ரூபாய் தொலைக்காட்சி அறுநூறு ரூபாய் என்று தட்டச்சுப் பிழையால் காட்டப்பட்டிருந்தால், உங்கள் வாதம் பலவீனமானது. பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகிறது என்ற நிபந்தனையும் பல தளங்களில் இருக்கும்; அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை; ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நெல்லிக்குப்பத்துக்காரர் கடலூர் ஆணையத்திற்குச் செல்வார். பாகூர்க்காரர், அஞ்சல் குறியீடு எப்படி இருந்தாலும், புதுச்சேரி ஆணையத்திற்குத்தான் செல்ல வேண்டும்.