சயாம் மரண ரயில் பாதைக்குக் குடும்பத்தோடு தனிப் பயணம்: திட்டமிடும் முறை

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துத் தாய்லாந்திலிருந்து (அன்றைய சயாம்) பர்மாவுக்குப் போட்டதுதான் சயாம் மரண ரயில் பாதை. அதைக் காட்டுவதாகப் பாங்காக்கில் விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாக்கள் பெரும்பாலும் காஞ்சனாபுரிப் பாலம், போர்க் கைதிகளின் கல்லறை, கொஞ்ச தூரம் ரயில் என்று முடிந்துவிடும். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. 60,000-க்கும் மேற்பட்ட கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. நம் ஆட்களுக்குப் பெயர்ப்பட்டியலே முறையாக வைக்கப்படவில்லை. ஆகவே தாத்தாவையோ பாட்டனையோ நினைத்துப் போகிறவர்கள் வழியைத் தாங்களே வகுத்து, வேனும் வழிகாட்டியும் தனியாகப் பேசிக்கொள்வதே சரி.

முதல் வேலை வீட்டில் இருக்கிறது. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு கொண்டுபோனார்கள், கூடப் போனவர் யார், திரும்பி வந்தவர் எந்த இடத்தின் பெயரைச் சொன்னார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடப்பெயர்கள் வாய்வழியாகத் திரிந்திருக்கும். காதில் விழுந்தபடியே எழுதுங்கள். நிக்கே, கின்சாயோக், தாசாவ் போன்ற முகாம்களில் எதுவென்று பாதையின் கிலோமீட்டர் வரைபடத்தை வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு முகாம் தெரிந்துவிட்டால் பயணத்தின் வடிவமே மாறும்.

அடுத்து வழிகாட்டி. தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டும் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. உரிம அட்டையும் வேண்டும். மலேசியாவிலிருந்து தமிழ் பேசும் ஒருவரைக் கூலிக்கு அழைத்துப்போய் அவரையே விளக்கச் சொன்னால் வழியில் பிடிபட்டு நாள் வீணாகும். அவர் குடும்பத்தோடு வரட்டும், மொழிபெயர்க்கட்டும். வழிகாட்டியாக உரிமம் உள்ள தாய்லாந்துக்காரர் இருக்கட்டும். முன்பணம் கொடுக்குமுன் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் வைக்கப்பட்ட நினைவிடம் எந்த விகாரையில் இருக்கிறது? பாலத்தில் போருக்குப் பின் மாற்றிய பகுதி எது? வாட் தாவோர்ன் வரராம் என்றும், நடுவில் உள்ள இரண்டு கோண வடிவச் சட்டங்கள் என்றும் சொல்லத் தெரியாதவர் பாலத்தோடு நின்றுவிடுவார். எரிபொருள், சுங்கம், ஓட்டுநரின் தங்கல், நுழைவுக் கட்டணம், வழிகாட்டியின் வேலைநேரம் ஆகியவை விலையில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சச்சரவு வருவது பெரும்பாலும் கூடுதல் நேரத்துக்கான பணத்தில்தான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. ரயில் பாதைக்காக மலையைக் குடைந்த பாறை வெட்டுகளுக்குள் ஏப்ரல் வெயில் தாங்காது. மழைக்காலத்தில் படிகள் வழுக்கும். நவம்பர் கடைசியில் பாலத்தருகே விழா நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது கடினம். ஏப்ரல் 25 ஆஸ்திரேலியர்களின் நினைவு நாள். அன்று ஹெல்ஃபயர் பாஸ் என்னும் பாறை வெட்டில் விடியற்காலைச் சடங்கு நடப்பதால் கூட்டம் மிகும்.

மூன்று நாள் போதும். முதல் நாள் பாங்காக்கிலிருந்து நேராகக் காஞ்சனாபுரிக்குப் போகாமல் பான் போங்கில் நில்லுங்கள். மலாயாவிலிருந்து சரக்கு வண்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் இறங்கிய ஊர் இது. அருகிலுள்ள நோங் பிளாடுக் சந்திப்பிலிருந்துதான் 415 கிலோமீட்டர் பாதை தொடங்குகிறது. பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் இதை விட்டுவிட்டுப் பாலத்தில் தொடங்கினால் கதை பாதியில்தான் தொடங்கும். பிறகு காஞ்சனாபுரியில் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம். இந்த அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எதிரே 6,982 பேர் அடங்கிய போர்க் கல்லறை.

மாலையில் பாலத்தருகே ஜப்பானியர் 1944-இல் எழுப்பிய நினைவுத் தூணுக்குப் போங்கள். அதன் கல்வெட்டுகளில் தமிழும் உண்டு. பேருந்தில் வரும் கூட்டம் இதைக் கடந்து போய்விடும். தமிழர்களை வேலை வாங்கியவர்களே தமிழில் எழுதிவைத்த கல்வெட்டு என்பதால் நிதானமாகப் படிக்க வேண்டியது.

இரண்டாம் நாள் காலை 7 மணிக்குக் கிளம்பினால் 80 கிலோமீட்டர் போய், 9 மணிக்கு ஹெல்ஃபயர் பாஸ் மையம் திறக்கும்போது அங்கே இருக்கலாம். நுழைவு இலவசம், ஒலி விளக்கக் கருவியும் தருவார்கள். கீழே இறங்கப் படிகள் அதிகம். மூட்டுவலி உள்ளவர்கள் மேலே மையத்திலேயே இருக்கட்டும். வெட்டு வரை போய்வர ஒன்றரை மணி நேரம், அதற்கப்பால் நடப்பதானால் மூன்று மணி நேரம். ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். செருப்பு வேண்டாம், கட்டிய ஷூ போடுங்கள்.

திரும்பும்போது ‘நாம் தோக்’ என்ற நிலையத்தில் ரயில் ஏறி, வேனைத் ‘தாம் கிராசே’ நிலையத்துக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். பிற்பகல் 1 மணி சுமாருக்கு ஒரு வண்டி, 3.30 சுமாருக்கு ஒன்று. நேரம் மாறும், தாமதமும் வழக்கம். முந்தின நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். ஆறு தெரிய வலப்பக்க இருக்கையில் அமருங்கள் (காஞ்சனாபுரியிலிருந்து போகும் திசையானால் இடப்பக்கம்). மலைச்சுவரை ஒட்டி மரக்கால்களில் நிற்கும் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்து போகும். தாம் கிராசேயில் இறங்கிப் பாலத்தில் நடக்கலாம், அடுத்த வண்டியின் நேரம் தெரிந்திருந்தால் மட்டும். பர்மாப் பக்கத்துப் பாதையும் இருமுனையும் 1943 அக்டோபர் 17-இல் இணைந்த கொன்கோய்தாவும் இந்தத் திட்டத்தில் இல்லை. கொன்கோய்தாப் பகுதி அணை நீரில் மூழ்கிவிட்டது.

மூன்றாம் நாளை முழுக்க வாட் தாவோர்ன் வரராமுக்கு வையுங்கள். தொழிலாளர்களின் நினைவிடத்தோடு தமிழர்களுக்கான நடுகல்லும் அங்கே இருக்கிறது. படையலிட விரும்பினால் ஒரு வாரம் முன்பே வழிகாட்டி மூலம் விகாரையில் அனுமதி கேளுங்கள். பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. உணவு தானம் 11 மணிக்குள் முடிய வேண்டும். கற்பூரம், வாழையிலை, எள் ஊரிலிருந்தே கொண்டுபோவது நிம்மதி. போர்க் கல்லறைப் புல்வெளியில் கற்பூரமோ விளக்கோ ஏற்ற வேண்டாம். அங்கே பூ வைத்தால் போதும். பெயர் தெரிந்தவர்களின் பட்டியலைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். கைபேசித் திரை வெயிலில் தெரியாது.